ஒரே ஒரு மைக்ரோ ஆம்பியர்

தூக்கத்துக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் உலகில் ஏராளம். தூக்கத்தை மீட்டர் வைத்து அளந்த நிறுவனம் எங்களுடையது ஒன்றுதான் என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாங்கள் செய்தது, வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி. மாட்டியவர் கீழே விழுந்தால் பிள்ளையின் போனுக்குத் தகவல் போகும். மற்ற நேரமெல்லாம் உள்ளே இருக்கும் சிப் தூங்கும். அது எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறதோ, அவ்வளவு காலம் பேட்டரி வரும். ஆகவே எங்கள் மேலாளர் தூக்கத்தையே நிறுவனத்தின் 'லட்சியம்' என்று அறிவித்தார். அதில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பலர் அலுவலகத்தில் இருந்ததால் எதிர்ப்பு எழவில்லை.

அளக்கும் நாள் ஒரு வைபவம். தூங்கும்போது கருவி இழுக்கும் மின்சாரத்தை மைக்ரோ ஆம்பியரில் அளப்போம்; அது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. போர்டில் விரல் ஈரம் பட்டாலே கணக்கு கெட்டுவிடும். எனவே போர்டை ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். தும்மல் வந்தவரை வெளியே அனுப்பினார்கள். மீட்டர் ஒன்பது காட்டியது.

"ஒன்பதா! எவன் இப்படிக் கரண்டைத் தின்னுறான்?" என்று கொதித்தார் மேலாளர்.

"சென்சார், சார்," என்றார் அந்த சர்க்யூட்டைப் போட்ட பொறியாளர். எங்களுக்கெல்லாம் அவர் 'அக்கா'. "அது மட்டும்தான் முழிச்சிருக்கு. ஆள் விழுந்தா அதுதான் சிப்பை எழுப்பும். அதுக்கு எட்டு போகுது."

"அதையும் தூங்க வைங்க."

"அப்ப சிப்பை யார் சார் எழுப்புவா?"

"சென்சார்."

"சென்சாரை?"

"சிப். ரெண்டும் ஒரே போர்டுல குடித்தனம் பண்ணுதுங்க. ஒண்ணை ஒண்ணு எழுப்பிவிடாதா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "விழுந்தவங்க விழுந்தபடியே கிடப்பாங்க சார். நான் இதைச் செய்ய மாட்டேன்."

மேலாளர் அவரை அன்றே 'வாகன நிறுத்த மேம்பாட்டுக் குழு'வுக்கு மாற்றினார். சென்சாரைத் தன் கையாலேயே தூங்க வைத்தார். மீட்டர் ஒன்று காட்டியது. நாங்கள் தட்டிய கைதட்டலில் கட்டடமே அதிர்ந்தது. கருவி மட்டும் அசையவில்லை. தரம் என்றால் அது.

முதல் கருவியை மேலாளர், தனியாக வசித்த தன் அப்பாவின் கழுத்திலேயே மாட்டினார். அவருடைய பாசத்தை நான் சந்தேகிக்க மாட்டேன். அதை அளக்க எங்களிடம் மீட்டர் கிடையாது.

பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலையில் விழுந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் மாலையில்தான் பார்த்தார். கருவி யாருடைய நிம்மதியையும் கெடுக்கவில்லை.

நானும் மேலாளரும் மருத்துவமனைக்கு ஓடினோம். இடுப்பில் கட்டோடு படுத்திருந்தவரைப் பார்க்கவே எனக்குக் கூசியது. மேலாளர் அப்பாவின் கழுத்தை வாஞ்சையோடு தடவினார். கருவியைக் கழற்றினார். பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒயர்களை மாட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா! அவ்வளவு பலமா விழுந்தும் ஒரே ஒரு மைக்ரோ ஆம்பியர்தாம்பா! துளிகூட வீணாகலை!"

பெரியவர் மெல்லக் கையை நீட்டினார்.

"அந்த ஒயரை இப்படிக் குடுடா. எனக்கும் வச்சுப் பாரு. நாள் பூரா தரையில கிடந்து உன்னைக் கூப்பிட்டேனே, உசுரு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு."