முப்பத்தெட்டில் பாடியவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. ரஃபி பாய் கடை மாடியில் ஓர் இசைத்தட்டைப் போடவைத்தேன்.
2. அவருடைய பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது என்று எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னேன்.
3. யாரும் கேட்காமலே அதைக் கழற்றிச் சரிசெய்தேன்.
4. சரிசெய்ததை அளந்தும் காட்டினேன்.

பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதிப்பது என் வேலை. அளக்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பதும் நான்தான். (இரண்டாவதிலேயே அளந்திருக்க வேண்டும். தெரியும். சும்மா இருங்கள்.)

எழுபதுகளின் வெள்ளைக்கார ராக் குழு ஒன்று. புகழ்பெற்ற பாடகர் சண்டை போட்டு விலக, புதிதாக ஒருவர் வந்து ஒரே ஓர் ஆல்பம் பாடினார். யாரும் சீண்டவில்லை. இணையத்திலும் கிடைக்காது. எங்கள் வீட்டில் மட்டும், அப்பாவின் நண்பர் விட்டுப்போன கேசட்டாக, அது கிடந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து கேட்கிறேன். பிறகு அதே டேப்ரிக்கார்டரில் ஓடவிட்டுப் போனில் பதிந்துகொண்டேன். புதியவரின் குரல் மெலிசாக, அவசரமாக, எங்கேயும் உட்காராமல் ஓடும். நானும் எங்கேயும் உட்காராதவள். ஆகவே அவர் எனக்காகத்தான் பாடினார் என்று முடிவுசெய்திருந்தேன்.

ரஃபி பாய்க்கு உக்கடத்தில் ஆம்ப்ளிஃபயர் கடை. ஞாயிறு காலைகளில் மாடியில் ஜமுக்காளம் விரித்து ஐந்தாறு பேர் இசைத்தட்டு கேட்போம். அதில் நூல் வியாபாரி செல்வராஜ் அண்ணன் பழைய பாடகரின் பக்தர். எனக்கும் அவருக்கும் இரண்டு வருடத் தகராறு. பழைய சரக்கு ஒன்றில் பாய்க்கு அந்த ஆல்பமே அகப்பட்டபோது அண்ணன் நிபந்தனை போட்டார்.

“கேக்கறமுங்க அம்மணி. புடிக்கலீன்னா இந்த மாடில அந்தாளு பேச்சே இனி எடுக்கக்கூடாது. சம்மதமுங்களா?”

“சம்மதமுங்ண்ணா.”

ஊசி இறங்கியது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பினேன். குரல் வந்தது. அந்தியூர்ச் சந்தையில் மத்தியான வெயிலில் கட்டிப்போட்ட காளை ஒன்று தன் வருத்தத்தைச் சொல்வதுபோல் இருந்தது.

“இவருதானுங்களா?” என்றார் அண்ணன், மிக மரியாதையாக.

“பாய், உங்க பிளேயர் ஸ்லோவா ஓடுதுங்க.”

“முப்பது வருஷமா ஓடுதேம்மா. ஒருத்தரும் சொன்னதில்லையே.”

“அவங்களுக்கெல்லாம் காது அவ்வளவுதானுங்க பாய்.”

(அந்த ‘அவங்க’ அத்தனை பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.)

தட்டைத் தூக்கினேன். அடியில் மோட்டார் புல்லியை, தட்டைச் சுற்றவைக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தை, கண்டேன். கைப்பையிலிருந்து இன்சுலேஷன் டேப் எடுத்தேன். (மற்ற பெண்கள் கைப்பையில் என்ன வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.) புல்லி பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும். புல்லியில் டேப்பை ஒரு சுற்று ஒட்டினேன், போதவில்லை. மூன்று, கிட்டத்தில். ஐந்தாம் சுற்றில் என் பாடகர் வந்துவிட்டார். மெலிசாக, அவசரமாக, அதே அவர்.

முதல் பக்கம் முழுக்க ஒருவரும் டீயைத் தொடவில்லை. கடைசியில் செல்வராஜ் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“நல்லாத்தானுங்க பாடியிருக்கறான். இத்தன நாளா விட்டுப்போட்டமுங்க.”

இரண்டு வருடத் தகராறுக்கு விடை கிடைத்த அந்த நிமிடத்தில் நான் கிளம்பியிருக்க வேண்டும்.

“அம்மணி ரிப்பேரே பண்ணிப்போட்டாங்க, எங்காளையும் ஒருக்கா போடுங்க பாய்,” என்றார் அண்ணன்.

போட்டார்கள். கோடிக்கணக்கானவர்களை உலுக்கிய அந்தச் சிங்கக் குரல், கொய்யா மரத்தில் பூனையைப் பார்த்துவிட்ட அணில்போல் கீச்சிட்டது. பாய் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் பொத்தவில்லை. ஜமுக்காளத்தில் விழுந்து சிரித்தார்.

“அந்தத் தட்டுத்தான் கோளாறுங்க. இருங்க, அளந்தே காட்டறேன்!”

கைப்பையிலிருந்து டேகோமீட்டர் வந்தது, மோட்டார் எத்தனை சுற்று ஓடுகிறது என்று சொல்லும் கருவி. ஒளிரும் ஸ்டிக்கரைத் தட்டில் ஒட்டிக் கருவியை அதற்கு நேராகப் பிடித்தேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. வேண்டியது முப்பத்து மூன்றே கால் சொச்சம். யாரும் சொல்லாமலே பாய் டேப்பை உரித்தார். மறுபடி அளந்தேன். முப்பத்து மூன்று புள்ளி மூன்று. முப்பது வருடத்துப் பிளேயரில் மயிரிழை பிசகில்லை.

மாடிப்படியில் நின்று அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவர்.

“அப்பா, நம்ம டேப்ரிக்கார்டர்ல எப்பவாவது கை வச்சீங்களா?”

“மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு வேறொண்ணு மாத்துனேன். நீ அப்ப ஏழாவதோ என்னமோ. ஏங்கண்ணு?”

“வேகம் பாத்தீங்களா?”

“கொஞ்சம் சுறுசுறுப்பான மோட்டாருதான். ஏன், பாட்டு ஓடுச்சா இல்லியா?”

ஓடியது. பதினைந்து வருடம் ஓடியது. இசைத்தட்டின் உறையில் போட்டிருந்த நேரத்தைவிட என் பாடல்கள் சீக்கிரம் முடிவதை அன்று காலையே கவனித்திருந்தேன். அச்சுப்பிழை என்று பாய்க்கு விளக்கமும் கொடுத்திருந்தேன்.

மேலே போனேன். செல்வராஜ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மணி, நீங்க சொன்ன ஆளு மெய்யாலுமே நல்ல பாடகருங்க. பொறக்கத்தான் இல்ல.”

இப்போதைய நிலவரம். மாடியில் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை, சம்மதம் சம்மதம்தான். வீட்டில் எதையாவது நான் அடித்துப் பேசினால், அப்பா “அந்த மீட்டரக் கொண்டா கண்ணு” என்கிறார். அம்மா வைத்த சாம்பாரில் உப்புக் குறைகிறது என்று நான் சொன்னால்கூட அதே பதில்தான் கிடைக்கிறது. இசைத்தட்டைப் பாய் எனக்கே கொடுத்துவிட்டார். சரியான வேகத்தில் நான்கு முறை கேட்டேன், பிடிக்கவில்லை. டேப்ரிக்கார்டரின் மோட்டாரை மாற்றித் தருவதாக அப்பா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.