ஏழுக்குத் தலையாட்டியவன்

இனி இந்த வீட்டில் யார் பேசுவதும் என் காதில் விழக் கூடாது. இதுதான் நான் எடுத்த முடிவு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே எடுத்திருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு நீட்டிப் பேச வராது.

மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை. அதில் பிரஸ் ஷாப். தகட்டை வைத்தால் 'டம்' என்று இறங்கிக் கதவாக வளைத்துக் கொடுக்கும் ராட்சத மெஷின்கள். அங்கே ஆயுசில் பாதி நின்றேன். நின்றேன். உட்காரவில்லை. கடைசி நாள் மாலை போட்டு, "இனிமே உக்காருங்க சாலமோன் சார்" என்றார்கள். உட்கார வரவில்லை. செங்கல்பட்டு வீட்டில் கூடத்திலிருந்து கேட்டுக்கு நடந்தேன். கேட்டிலிருந்து கூடத்துக்கு நடந்தேன். பேப்பரைப் பிரித்தேன், மடித்தேன். ஃபேனைப் போட்டேன், அணைத்தேன்.

"யோவ், இன்னா கூண்டுல வுட்ட கரடி மாரி சுத்திகினே கீற? எனுக்குத் தல சுத்துது" என்றாள் வரலட்சுமி. என் மனைவி.

மகன் ஆல்வின் கூடுவாஞ்சேரியில் குடித்தனம். அவன் புது இயர்பட்ஸ் வாங்கினான். பழசை என் தலையில் கட்டினான். வெள்ளையாக, மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு. காதில் செருகிக்கொண்டு, வீடு திரும்ப அங்கேயே எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். பழைய சினிமாப் பாட்டு தேடினேன். என் விரல் தடி. போனில் எதையோ தொட்டுவிட்டது.

டிரம்ஸ் ஆரம்பித்தது. சரி, பாடுவான் என்று இருந்தேன். பொத்தேரி வந்தது. பாடவில்லை. மறைமலைநகர் வந்தது. பாடவில்லை. சிங்கபெருமாள் கோவிலில்தான் ஒருவன் வாயைத் திறந்தான். அதற்குள் எனக்குப் பாடகனே வேண்டாம் என்றாகிவிட்டது. ஏன்? தாளத்தை விரலில் எண்ணிப் பார்த்தேன். ஏழு. எங்கள் ஷாப்பில் பெரிய பிரஸ் ஒரு கணக்கில் இறங்கும். சின்னது வேறு கணக்கு. எப்போதாவது இரண்டும் சேர்ந்து ஒரே 'டம்'. அந்த 'டம்'முக்காக உடம்பு காத்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் காத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது போல. பரனூர் தாண்டியதும் அது வந்தது. எழுந்து நின்றுவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரர் ஊர் வந்துவிட்டதென்று பையோடு எழுந்தார்.

"அதுக்குப் பேரு புரோக்ரெசிவ் ராக்குப்பா" என்றான் ஆல்வின் போனில். "ஜாஸும் கேட்டுப் பாரு."

கேட்டேன். ஜாஸ் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பியானோக்காரன் ஒன்று சொல்வான். சாக்ஸபோன்காரன் அதைக் காதில் வாங்காமல் வேறொன்று சொல்வான். டிரம்ஸ்காரன் இரண்டு பேரையும் அதட்டுவான். கடைசியில் மூவரும் ஒன்றாக எழுந்து கை கழுவப் போவார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சு அப்படியே.

அதன்பின் எதற்கும் பாட்டுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க ராக். கொளவாய் ஏரிப் பக்கம் நடக்க ஜாஸ். ரேஷன் கடைக்கு நீளப் பாட்டு. வரிசை தீரும், பாட்டு தீராது. மீன் கடைக்கு சாக்ஸபோன். மீன்காரம்மா திட்டுவதும் அதில் சேர்ந்துகொள்ளும். நன்றாகவே சேரும்.

தெருவில் சரி. வீட்டில்?

காதில் எதையாவது செருகிக்கொள்பவன் உருப்படமாட்டான் என்பது வரலட்சுமியின் கட்சி. ஆல்வின் படிக்கிற காலத்தில் வைத்திருந்த ஹெட்போன் இன்றைக்கும் பின்கட்டுக் கிணற்றில் கிடக்கிறது. அவள் போட்டது.

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. நான் செவிடு.

"பிரஸ் ஷாப்பு உன் காதத் தின்னுட்ச்சி. நான் பேசறது ஒண்ணும் உனுக்குக் கேக்கல. ஒரு காது மெஷினு வாங்கி மாட்டித் தொலையேன்!"

உண்மையில் கேட்கும். பதில் சொல்ல இஷ்டமில்லை. குறிப்பாக ஒரு விஷயத்துக்கு. அவளுக்குத் தையல் தெரியும். கூடத்தில் ஆறு தையல் மெஷின் போட்டுத் தெருப் பெண்களுக்கு கிளாஸ் எடுக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. "மெஷின் சத்தத்துலியே கெழவனானவன் நான். என் கூடத்துல ஒரு ஊசி ஓடக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பிறகு அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நான் செவிடு.

அவள் கேட்ட காது மெஷினையும் என் மொச்சைக்கொட்டையையும் முடிச்சுப் போட்டேன். திட்டம் தயார்.

மாமல்லபுரத்தில் காது கேம்ப் என்று சொல்லி பஸ் ஏறினேன். கேம்ப்பாவது ஒன்றாவது. கடற்கரை மணலில் ஒரு முழு ஜாஸ் ஆல்பம். அலை அடிக்கடி தாளம் தப்பியது. சாக்ஸபோன் பொறுத்துக்கொண்டது. சுண்டல் தின்றேன். இரண்டு காதிலும் மொச்சைக்கொட்டையோடு வீடு வந்தேன்.

"இன்னாய்யா அது?"

"காது மெஷினு."

"ரெண்டா?"

"எனக்கு எத்தினி காது?"

கிட்டே வந்து பார்த்தாள். "பக்கத்து வூட்டு செங்கம்மா மாமியாருக்குத் தோலு கலருல கீது. உனுக்கு இன்னா வெள்ளையா கீது?"

"புது மாடலு."

"கேக்குதா?"

"பிரமாதமா கேக்குது. கத்தாத. மெதுவா பேசு."

அன்றிலிருந்து மெதுவாகப் பேசினாள். ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன்! கண்ணை மூடி, ஏழுக்குத் தலையாட்டிக்கொண்டு. கண்ணைத் திறந்தால் எதிரில் அவள் வாய் மட்டும் அசையும். சத்தம் சாக்ஸபோனுடையது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அத்தனை இனிமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

கெடுத்தது குக்கர்.

சர்ச்சுக்குப் புறப்படும்போது வரலட்சுமி எனக்கு இடும் கட்டளை ஒன்றே ஒன்று. "மூணு விசிலு. அணைச்சிடு." இத்தனை வருஷத்தில் நான் தவறியதில்லை. அன்று தவறினேன். அவள் திரும்பி வந்தபோது பருப்பு கரி, குக்கர் தார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் கேட்டில் நின்றது. உள்ளே நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. குக்கரைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். மறுபடி குக்கரைப் பார்த்தாள். பேசாமல் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

பிரஸ் ஷாப்பில் முதல் நாள் பாடம் இது: சத்தம் போடுகிற மெஷின் திடீரென்று சத்தமில்லாமல் ஓடினால், கையை வெளியே எடு. நான் எடுக்கவில்லை. பாட்டைக் கூட்டி வைத்தேன்.

மறுநாள் காபியோடு வந்து எதிரில் நின்றாள். ஏதோ சொன்னாள். சிரித்தாள். போனாள். அதற்கடுத்த நாள் முறுக்கும் சேர்ந்து வந்தது. அப்புறம் ஒரு நாள் செங்கம்மாளையும் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். என் தலை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எனக்கென்ன? முறுக்கு நன்றாக இருந்தது.

வாரக் கடைசியில் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து தையல் மெஷின்கள் இறங்கின. ஆறு.

காதிலிருந்து இரண்டையும் பிடுங்கினேன்.

"யாரக் கேட்டு எறக்குற?"

"உன்னத்தான்யா."

"எப்போ?"

"காபி குடுக்கச்சொல கேட்டேன். தலையாட்டின. முறுக்கு குடுக்கச்சொல கேட்டேன். ஆட்டின. செங்கம்மாவ வச்சிகினு கேட்டேன். இன்னும் ஜாஸ்தியா ஆட்டின."

"ஆமாண்ணாத்த" என்றாள் செங்கம்மாள், மதில் மேலிருந்து. "நானும் பாத்தேன். எங்கூட்டுக்காரு ஒரு தபா கூட எனுக்கு இப்டி ஆட்னதில்ல. வூட்டுக்குப் போயி அந்தாளு கூட ஒரே சண்ட."

"எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உனுக்கு?" என்றாள் வரலட்சுமி.

"எனக்கு அது வந்து..."

"கேக்கலியா? மெஷின மாட்டிகினே கேக்கலியா? பிரமாதமா கேக்குதுன்ன?"

யோசித்தேன். கேட்டது என்றால் கூடம் போச்சு. கேட்கவில்லை என்றால் இது காது மெஷினே இல்லை. இல்லையென்றால் கிணறு.

பின்கட்டைப் பார்த்தேன்.

"கேட்டுது" என்றேன்.

"அதான! மெஷினு இல்லாதப்பவே குக்கரு விசில எண்ணுன காது. மெஷினு போட்டப்பறம் கேக்காம பூடுமா?" இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வண்டிக்காரனைப் பார்த்துச் சொன்னாள். "அந்த மூலைல எறக்குப்பா. நாற்காலிய மாடில கொண்டு போட்டுடு."

அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். பேசிப் பயனில்லை.

மாடியில் ஒரே ஒரு ரூம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகலில் அப்பளம் பொரிக்கலாம். இருந்தாலும் என் ரூம். இதையாவது விடக் கூடாது என்று கதவில் தாழ்ப்பாளே மாற்றினேன். வேர்த்துக்கொண்டே ராக் கேட்டேன். துண்டைப் பிழிந்துகொண்டே ஜாஸ் கேட்டேன். கீழே ஆறு மெஷின் ஓடினால் எனக்கென்ன?

ஒரு மத்தியானம், பாட்டு உச்சிக்குப் போகிற நேரத்தில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜர் கூடத்தில். இறங்கினேன். கடைசிப் படியில் துணிக் குவியல். வழியில்லை. நின்றேன்.

வேறு வேலையில்லாததால் காது கொடுத்தேன். ஓரத்தில் ஜெயப்பிரியா என்ற பெண். பழகியவள். கடகடவென்று நீளமாக ஓட்டினாள். நடுவில் கவியா. புதுசு. மூணு தையல் போடுவாள், பயந்து நிறுத்துவாள். மறுபடி மூணு. மற்ற நாலும் ஆளுக்கொரு கணக்கு. ஒருத்தி கத்தரியை மேசையில் போட்டாள். அது எப்படியோ சரியான இடத்தில் விழுந்தது. எண்ணினேன். நாலு... மூணு... ஏழு!

என்ன அநியாயம் இது? இதையா நான் வேண்டாமென்றேன்?

கண் தானாக மூடிக்கொண்டது. ஆறும் ஆறு பக்கம் ஓடின. விலகின, நெருங்கின. உடம்பு காத்திருந்தது. வரும், வரும் என்றது. வந்தது. ஆறும் ஒன்றாக ஒரே 'டம்'மில் நின்றன.

கண்ணைத் திறந்தேன். ஆறு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணிக் குவியலுக்கு அந்தப் பக்கம், இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரலட்சுமி. அவள் பின்னால் செங்கம்மாள்.

என் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்தினேன்.

"நீ ஒண்ணும் கேக்கவே இல்லியேம்மே!" என்றேன்.

"மெதுவாத்தான்யா கேட்டேன். நீதான கத்தாதன்ன?" பிறகு திரும்பினாள். "பாத்துக்க செங்கம்மா, மாடி ரூமுக்கும் சரின்னுட்டாரு."