வண்டி நிறையும்வரை உரிமையாளர் உடனிருக்கவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தை உங்கள் மகள் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் போனில் கேட்டு எனக்கும் ஒப்பித்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. உங்கள் சளி முந்தாநாளோடு போய்விட்டது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

போன வாரம் போனில் ஒரு யோசனை கேட்டீர்கள். உங்கள் குடியிருப்பில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடும் இடம் வைக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது, எங்கள் கட்டடத்தில்தான் ஏற்கெனவே இருக்கிறதே, அனுபவம் எப்படி என்றீர்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்துமூன்று வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன், எழுத்தில் இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்காதீர்கள். காரணங்கள் கீழே வருகின்றன. கொஞ்சம் நீளம்தான், சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும்.

கதை என் வலது கண்ணில் ஆரம்பிக்கிறது. நாலரை மாதத்துக்கு முன்னால் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும், நீங்கள்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தீர்கள். ஆபரேஷன் முடிந்து கண்கட்டை அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள், கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் என் இடத்தைப் பார்த்தால் என் கார் இல்லை. பத்தொன்பது வருடமாக என் கையில் மட்டுமே ஓடிய பெட்ரோல் கார். அந்த இடத்தில் வெள்ளையாக, மூக்கே இல்லாத முகத்தோடு ஏதோ ஒன்று நிற்கிறது. டாக்டர்தான் வேறு யாருக்கோ வைக்க வேண்டிய லென்ஸை எனக்கு வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று கண்ணைக் கசக்கப் போனேன், கசக்கக் கூடாது என்று உங்கள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் வண்டி எங்கடா?” என்றேன். உங்கள் மாப்பிள்ளை, “வித்துட்டேம்ப்பா. இது கரண்ட் வண்டி. புகை கிடையாது, சத்தம் கிடையாது” என்றார். “அப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்குற வழக்கமும் கிடையாதா?” என்றேன். அதுதான் நான் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு நாலு மாதம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதை உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பாவம், அந்தப் பிள்ளைதான் எங்களுக்கு நடுவில் கிடந்து அல்லாடியது. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, “உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா” என்பேன். “மாமா, உப்பு உங்க கைகிட்டதான் இருக்கு” என்பாள். அவர் ஆபீஸ் கிளம்பும்போது, “குடை எடுத்துக்கிட்டாரான்னு கேளும்மா” என்பேன். “எடுத்துக்கிட்டேன்னு சொல்லு” என்று வாசலிலிருந்து அவரே கத்துவார். வீராப்பு என்னிடமிருந்து வந்ததுதான், வேறு எங்கே போய் வாங்குவார். இதற்கு நடுவில் அவர்கள் இருவரும் தனியாகப் போக வீடு பார்க்கிறார்கள் என்று என் மனைவி ஒரு நாள் வந்து சொன்னாள். ஆபீஸுக்குப் பக்கமாம். நல்லதாகப் போயிற்று என்று பேப்பரைப் பிரித்தேன். ஒரே வரியை எட்டுத் தடவை படித்தேன், சம்பந்தி. அது வானிலை அறிக்கை. மழை வருமா வராதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் கட்டடத்துச் சங்கம் கீழே ஒரு தூணில் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் வைத்தது. ஒன்றே ஒன்று. வண்டிகளோ மூன்று. உங்கள் மாப்பிள்ளையினுடையது, இரண்டாம் மாடி பல் டாக்டருடையது, மூன்றாம் மாடி கணக்கு டீச்சருடையது. முதல் வாரமே ரகளை. டீச்சர் மாட்டிவிட்டுப் போன வயரைப் பல் டாக்டர் பிடுங்கித் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். பிடுங்கிப் பிடுங்கிக் கை பழகிய மனிதர், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மறுநாள் டீச்சர் தன் காரை அவர் கார் வெளியே வர முடியாதபடி குறுக்கே நிறுத்திவிட்டு ஸ்கூலுக்கு ஆட்டோவில் போய்விட்டார். இரண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். “சார், இவ்ளோ ரயிலுக்கு வழி விட்டிருக்கீங்க, எங்க மூணு வண்டிக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?” என்றார் டாக்டர். எனக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தொட்டுவிட்டது. ரிட்டயரான பிறகு என்னிடம் யாரும் வழி கேட்டதே இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு டைம்டேபிள் போட்டேன். வருகை, புறப்பாடு, வரும்போது எத்தனை சதவீதம், போகும்போது எத்தனை சதவீதம், தாமதம், தாமதத்துக்குக் காரணம் என்று ஆறு கட்டம். திங்கள், வியாழன் சாயங்காலம் டீச்சர். புதன் டாக்டர். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உங்கள் மாப்பிள்ளை. அது சாதாரண பாயிண்ட், சம்பந்தி, ஒரு வண்டி நிறைய ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், தண்ணீர்க் குழாயில் சொட்டுச் சொட்டாகக் குடம் நிறைகிற மாதிரி. கீழே ஏழு விதிகள் எழுதினேன். ஏழாவது விதி: வண்டி நிறையும்வரை உரிமையாளர் வண்டியின் அருகிலேயே இருக்க வேண்டும். என் சர்வீஸில் டிரைவரும் கார்டும் இல்லாமல் ஒரு ரயிலைப் பிளாட்பாரத்தில் நிற்க விட்டதில்லை. இது மட்டும் என்ன, கரண்ட் பாய்கிற வண்டி. மூன்று பேரும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் புது வண்டி, எல்லோருக்கும் பயம். நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு ரிஜிஸ்தரோடு தினமும் கீழே உட்கார ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு மனிதர் எத்தனை நேரம்தான் காருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார், முதல் புதன்கிழமை டாக்டருக்கு ஒரு நோயாளி அவசரம் என்று வந்துவிட்டார், விதியை மீறிக் கிளினிக்குக்குப் போக முடியாது, காரின் முன்சீட்டைச் சாய்த்து அவரை அதில் படுக்கவைத்து, உள்விளக்கைப் போட்டு, “ஆ காட்டுங்க, இன்னும் கொஞ்சம் பெருசா” என்று பார்த்தே அனுப்பினார், வந்தவர் இந்த நாற்காலி நல்ல வசதியாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் தன் டியூஷன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் கீழே இறக்கிவிட்டார், பின்சுவர்தான் கரும்பலகை, இன்னும் அழியவில்லை, வந்தால் காட்டுகிறேன். பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கும் என்று என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், தண்ணீர் மட்டும் எப்படிக் கொடுப்பது என்று வறுத்த கடலையும் கொண்டுவந்தாள், கொண்டுவந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், அவளைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டு அம்மாள், அந்த அம்மாளைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்காரர், அவர் கையோடு கேரம்போர்டு. மேலே வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்க, கட்டடமே கீழே கூடிவிட்டது. நான் ரிஜிஸ்தரைப் பார்ப்பேனா, கூட்டத்தைப் பார்ப்பேனா. முதல் மாடி பேங்க்காரர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் வாங்கி வந்து எனக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்றார். “ஏன் சார், திடீர்னு சுற்றுச்சூழல் மேல அக்கறையா?” என்றேன். “அதெல்லாம் இல்ல சார், மேல தனியா உக்காந்து ஒரே போர்” என்றார்.

இன்னொன்று. டீச்சரின் ஸ்கூலும் டாக்டரின் கிளினிக்கும் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன என்பது ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் இருவருக்கும் தெரியவில்லை. கேரம் ஆடும்போது தெரிந்தது. இப்போது ஒரு நாள் அவர் வண்டி, ஒரு நாள் இவர் வண்டி, சேர்ந்தே போய்வருகிறார்கள். ரோட்டில் ஒரு வண்டி குறைந்தது. ரிஜிஸ்தரில் ‘ஒரு வண்டி ரத்து’ என்று நானே எழுதினேன். என் சர்வீஸில் ஒரு வண்டியை ரத்து செய்து சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். முதல் சனிக்கிழமை உங்கள் மாப்பிள்ளை வயரை மாட்டிவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நான். எட்டு மணி நேரம். மணிக்கு ஒரு தடவை நான் மீட்டரைப் பார்த்து, “முப்பத்தெட்டு சதவீதம்” என்று சுவரிடம் அறிவிப்பேன். அவர் சுவரிடம், “சரி” என்பார். அன்றைக்கென்று பார்த்து ஒரு ஆள்கூடக் கீழே வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வர எல்லோருக்கும் பயம் என்று பிற்பாடு தெரிந்தது. மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின.

நாலாவது சனிக்கிழமை, நாற்பத்தேழு சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. மத்தியான வேளைதான், ஆனால் தரைக்கு அடியில் இருக்கும் இடமாயிற்றே, ஒரே இருட்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. விதி ஏழின்படி நகரவும் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அப்பா, கரண்ட் போனா ரிஜிஸ்தர்ல என்னன்னு எழுதுவீங்க?”

“தாமதம். காரணம், மின்தடை.”

“நாம பேசாததுக்கு என்ன காரணம் எழுதியிருக்கீங்க?”

ரிஜிஸ்தரை மூடி மடியில் வைத்தேன். அவனே பேசினான். “நீங்க ஒரு வருஷமா கண்ணு தெரியாமதாம்ப்பா ஓட்டுனீங்க. கேட்டுல ரெண்டு தடவ இடிச்சீங்க, நாய் வந்துச்சுன்னு சொன்னீங்க. நம்ம தெருவுல நாயே கிடையாது. கிளட்ச்ச மிதிச்சுட்டு வந்து ராத்திரியெல்லாம் இடது முழங்கால நீவிட்டிருப்பீங்க. இதுல கிளட்ச் இல்ல. உங்க காலுக்காகத்தான் இத வாங்கினேன். கேட்டா வேண்டாம்பீங்கன்னு கேக்கல. அது தப்புதான்.”

என் மேலும் தப்புதான் என்று சொன்னேன். சொல்ல நாலு மாதம் பிடித்தது, சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அழுதேன், சம்பந்தி, மறைப்பானேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, உள்ளேயிருந்து வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு பார்க்கிற விஷயத்தைக் கேட்டேன். “அங்க சார்ஜ் போட வசதியில்லப்பா, வேணாம்னுட்டோம்” என்றான் என் மகன். கரண்ட் வந்தபோது அவன் நாற்காலி என் பக்கத்தில் இருந்தது.

அன்று மாலை ஐந்தேகாலுக்கு, பதினைந்து நிமிடத் தாமதத்தோடு, நானே வண்டியை வெளியே எடுத்தேன். சத்தமே வராததால் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்யப் பார்த்தேன். இடது கால் தரையெல்லாம் துழாவிவிட்டுக் கடைசியில் சும்மா இருக்கப் பழகிக்கொண்டது. பின்சீட்டில் என் மனைவியும் உங்கள் மகளும். நாலு மாதத்தில் முதல் தடவையாக உங்கள் மகள் எந்தச் செய்தியையும் எங்கேயும் சுமக்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்க எனக்கு அத்தனை நிறைவாக இருந்தது.

இருந்தாலும் என் யோசனையில் மாற்றமில்லை. நீங்கள் அமைதியை விரும்புகிறவர். காலையில் தனியாகப் பேப்பர் படிக்க வேண்டும், மத்தியானம் தூங்க வேண்டும் உங்களுக்கு. இந்தச் சார்ஜரை வைத்தீர்களானால் இரண்டும் போச்சு. எனக்கே வாரம் முழுக்க ஊர்வம்பைக் கேட்டுக் காது வலி, சனிக்கிழமை மகனோடு பேசிப் பேசி வாய் வலி. வருகிற ஞாயிறு சங்கக் கூட்டத்தில் இந்த ரிஜிஸ்தர் வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிடுவதாக இருக்கிறேன், கடிதமும் எழுதியாயிற்று. ஆகவே தயவுசெய்து வைக்காதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்கு வந்துசேர்ந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன்பே ஒன்று நடந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. பாயிண்டைச் சோதிக்க எலக்ட்ரீஷியன் வந்தார். நானும் மகனும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “யாருக்காக வெயிட் பண்றீங்க சார்?” என்றார். விதி ஏழைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டெஸ்டர் விழுந்துவிட்டது. “மாட்டிட்டு நீங்க மேல போயித் தூங்கலாம் சார். நிறைஞ்சதும் அதுவா நின்னுடும். வண்டியோட வர்ற புத்தகத்துல மூணாம் பக்கத்துலயே போட்டிருக்கான்” என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆறு வாரம் கட்டடத்தையே காவல் உட்கார வைத்திருக்கிறேன். அவர் மேலே போய் மற்றவர்களிடமும் சொல்வதற்குள் கையைப் பிடித்து இழுத்துப்போய், டீ வாங்கிக் கொடுத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மகன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

“உனக்கு இது தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்ப்பா.”

“பின்ன எதுக்குடா எட்டு எட்டு மணி நேரம் உக்காந்திருந்த?”

“நீங்க உக்காந்திருந்தீங்களே.”

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். டைம்டேபிளின் நகல் ஒன்று இத்துடன் வருகிறது. சார்ஜரைக் கண்டிப்பாக வையுங்கள். கடையில் வேகமாக ஏறுகிற ரகம் ஒன்றைக் காட்டுவார்கள், அரை மணியில் நிறைந்துவிடுமாம், அதைத் தொடவே தொடாதீர்கள்.