குவைத்துக்குப் போன உன் அக்கா விஷயமாக

மேல் டிவிஷன்,
தலவாக்கலை.

அன்புள்ள கொழுந்தியாள் சிசிலிக்கு,

ஆண்டவருடைய கிருபையை முன்னிட்டு மச்சான் ஞானரட்ணம் எழுதிக்கொள்வது. வத்தளையில் நீயும் சகலை மைக்கலும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் சுகமா என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாது. போனில் சொல்லலாம் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

முதலில் இரண்டு காரியம். வருகிற கிழமை என் மகள் ஜொய்சியைக் கூட்டிப்போகக் கண்டியிலிருந்து ஹோம்காரர்களின் வேன் வரும் என்று நீ ஏற்பாடு பண்ணியிருக்கிறாயே, அதை இன்றைக்கே நிறுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் செத்துப்போன உன் அக்காவின் குரலில் குவைத்திலிருந்து பேசுகிறாயே, அதையும் நிறுத்து. ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே தலை தெளிகிறது. உன் அக்கா பிலோமினா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதும் அடக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எல்லாரும் ஜொய்சியைப் பற்றித்தான் பேசினார்கள். டவுன் சின்ட்ரோம் என்று பிறந்தபோதே டொக்டர் சொன்ன பிள்ளை, இருபத்தெட்டு வயதாகியும் அம்மாவின் முந்தானையை விடாதவள், பெட்டியைப் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நீ சொன்னாய், நான் ஆமாம் என்றேன், தோட்டத்து லயத்து வீடுகளில் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதானே நம் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டுக் கந்தப்பன் பூண்டுலோயாவில் தன் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டான். எல்லாம் முடிந்து பஸ்ஸில் திரும்பி வந்தவள் வாயைத் திறக்கும் முன்பே, அம்மா வேலைக்குக் குவைத் போயிருக்காங்க என்று நான் சொல்லிவிட்டேன். தோட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தி குவைத்தில் இருக்கும்போது என் வாயில் வேறு என்ன வரும். "அம்பத்தாறு வயசுக்காரிய எந்த ஏஜென்சிக்காரன்ணே பிளேன்ல ஏத்துவான்?" என்று கந்தப்பன் கேட்டான், அதுவும் அவள் காதுபடவே. ஜொய்சி என்னையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு "சரிப்பா" என்றாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு பொய்க்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும். பிலோமினாவின் படத்தைக் கழற்றி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்தேன், அவள் சேலைகளைக் கந்தப்பன் வீட்டுக்குக் கடத்தினேன், ஹட்டனில் நடைபாதைக் கடையில் ஒரு பெரிய போர்வை வாங்கி, அம்மா பார்சல் அனுப்பியிருக்காங்க என்று கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை மோந்து பார்த்தாள், அன்று சாயங்காலமே எனக்குப் போர்த்திவிட்டாள். உன் போன் வேறு. நீ என்னவோ உன் அக்கா மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ "குவைத்துல ஒரே வெயிலும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் உங்கள் தெருவில் பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. ஜொய்சி போனை என்னிடம் நீட்டி, "குவைத்துக்கும் பாண் வருதுப்பா" என்று மட்டும் சொன்னாள், நான் அவசரமாகப் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பேச்சும் போயிற்று. காலையில் தலைசீவச் சொன்னால் சீப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். உடுப்பெல்லாம் தொளதொளத்துப் போனது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில், "இந்த மாதிரிப் புள்ளைங்க அப்பிடித்தாங்க." மருந்துக்கடைக்காரர் டொனிக் கொடுத்தார். மாதப் பூசைக்கு அவளையும் கூட்டிப்போனேன், ஃபாதர் சொல்வது இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில். பிலோமினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று ஃபாதர் வாசித்தாரோ இல்லையோ, ஜொய்சி எழும்பி, தன் இரண்டு கையாலும் என் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கோவில் கூரை போகிற மாதிரிக் கத்தினாள். ஃபாதர் நிறுத்தும்வரை கத்தினாள். எனக்கு மானம் போய்விட்டது. கோவிலில் கத்தினால் அது பேயேதான் என்று கந்தப்பன் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போனான். அவர் உடுக்கை அடித்து உடம்பெல்லாம் நடுங்க ஆடினார். ஜொய்சி ஓடிப்போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து, "மாமாவுக்குக் காய்ச்சலாப்பா" என்று கேட்டாள். சாமியாடி தண்ணீரைக் குடித்துவிட்டு, பேய் ஒன்றும் இல்லை, கூட்டிக்கிட்டுப் போங்க என்றார். அந்தக் கிழமைதான் நீயும், இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற அந்தக் கண்டி ஹோமில் இடம் பிடித்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும் அவள் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பையைப் பார்த்துவிட்டுச் சண்டை பிடித்தது நம் தோட்டத்து மிட்வைஃப்தான். "சாப்பிடல, பேசல, தூங்கலன்னா அது மனசுக்கு முடியாம இருக்கிறது. உங்களுக்கு வந்தா டொக்டர்கிட்ட போவீங்க, அவளுக்கு வந்தா ஹோமா?" என்று கேட்டுவிட்டு, டவுன் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் அவளே நாள் எடுத்துத் தந்தாள். அங்கே நிலக்ஷி என்று ஒரு கவுன்சலிங் மிஸ். சின்னப் பெண். நான் பெக்டரியில் எத்தனை துரைமாருக்கு முன்னால் நின்று பேசியவன், ஜொய்சியின் கதையை நறுக்கென்று சொல்லி முடித்தேன். மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, "ஜொய்சி, இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள். சிசிலி, என் மகளை யாரும் நீங்க என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஜொய்சி பதில் சொல்லக் கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரம் எடுப்பாள், உனக்குத் தெரியும். மிஸ் அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை, நடுவில் புகுந்து பதில் சொன்னேன். "அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். பிறகு போகும்போதெல்லாம் எனக்கு வெளியே கிடக்கிற வாங்குப் பலகைதான். ஒருநாள் படம் வரைவார்கள், ஒருநாள் இரண்டு பேரும் சும்மா முற்றத்தில் நடப்பார்கள். இதற்கா பஸ் ஏறி வருகிறோம் என்று நான் வாங்கில் இருந்தபடி பொருமுவேன்.

போன செவ்வாய்க்கிழமை மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டாள். "அப்பா, ஜொய்சி உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லப் போறாங்க. ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சிருந்தாங்க. குறுக்க பேசாம கேளுங்க" என்றாள். ஜொய்சி கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, பயப்படாதீங்க. அம்மா செத்துட்டாங்க. குவைத் போகல. நீங்க அழுங்க, நான் இருக்கேன்."

பூண்டுலோயாவிலிருந்து பஸ்ஸில் வந்தபோதே அவள் பார்த்திருக்கிறாள். நம் இளந்தாரிகள் சந்தியில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் உன் அக்காவின் முகம் கதவளவுக்கு இருந்தது, இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி வேறு. வீட்டில் இருந்த சின்னப் படத்தை ஒளித்தவனுக்கு அந்தப் பேனர் நினைவுக்கே வரவில்லை. அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்று யாரும் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை, முகத்தைப் பார்க்க வாசிக்கவா தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பா குவைத் என்கிறான். அப்பாவுக்கு இன்னும் தெரியாது போல, தெரிந்தால் தாங்கமாட்டார் என்று நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவ்வளவு பெரிய துக்கத்தைத் தனியாகச் சுமந்து எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். கோவிலில் காதைப் பொத்தியது அந்தப் பெயர் எனக்குக் கேட்காமல் இருக்கத்தான். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது என்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய மனசு என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது சிசிலி, நான் அதற்கு டொனிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். அடக்கத்தில்கூட அழாதவன், மிஸ் முன்னாலேயே ஏங்கி ஏங்கி அழுதேன். ஜொய்சி என் முதுகைத் தடவிவிட்டு, தன் லேஞ்சியால் என் மூக்கைத் துடைத்தாள். திரும்பி வரும் வழியில் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தினோம். வீட்டுக்கு வந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டாள், தானே கேட்டு இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டாள். உடனே எல்லாம் சரியாகிவிடாது, கவலை கரைய நாள் எடுக்கும், தொடர்ந்து கூட்டி வாங்க என்று மிஸ் சொல்லியிருக்கிறாள். கூட்டிப்போவேன். ஆகவே வேனும் வேண்டாம், குவைத்தும் வேண்டாம்.

சகலைக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் தம் நிழலில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மச்சான் ஞானரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் ஜொய்சி வந்து யாருக்கு என்று கேட்டாள். சித்திக்கு, அம்மா விஷயம் என்றேன். உறையைப் பிடுங்கிக்கொண்டாள். "கடுதாசியில எழுதாதீங்கப்பா. சித்திக்கு இன்னும் தெரியாது. அதான் அம்மா மாதிரி பேசிக்கிட்டே இருக்காங்க. பாவம், தனியா இருந்து படிச்சா தாங்க மாட்டாங்க. வரச் சொல்லுங்க, நானே சொல்றேன்" என்கிறாள். அவள் தூங்கப் போனதும் இதைத் திருட்டுத்தனமாக அனுப்புகிறேன். ஆகவே சிசிலி, மேலே எழுதிய எதையும் நீ வாசிக்கவில்லை. உன் அக்கா குவைத்தில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு முதல் நாளே ரயில் ஏறி வா. எப்படி அழுவது என்று நீ யோசித்துக்கொண்டு வரவேண்டாம், அவள் சொன்னால் தானாக வரும்.