முதல் தவணை மானஸ்தர்

நல்லம்பள்ளி மாதேஸ்வரன் நான்கு பேரிடம் வாங்கிய கடன் எட்டு லட்சத்து நாற்பதாயிரம். 2016 ஆவணியில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வட்டி தள்ளுபடி, மாதம் பதினாலாயிரம் வீதம் அறுபது தவணை. நால்வரில் ஒருவரான நஞ்சம்மாள், முழங்கால் அறுவைக்கென்று வைத்திருந்த இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கொடுத்தவர். தவணைதோறும் அவர் பங்கு மூவாயிரத்து ஐந்நூறு. இவ்வளவும் பத்திரத்தில் உள்ளவை.

இனிப் பத்திரத்தில் இல்லாதது. முதல் தவணை மானஸ்தர் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். திவாலானேன் என்று நீதிமன்றத்தில் மஞ்சள் கடுதாசி கொடுப்பவனை இவர் மனிதனாகவே மதிப்பதில்லை. இவர் ஒப்பந்தம் போடுபவர். நல்ல நாள் பார்த்து, சலவை வேட்டி உடுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குடன் முதல் தவணையை வைத்து, கடன் கொடுத்தவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, அதை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வந்து குவியும் கும்பிடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். கொடுத்தவர்களுக்கு டீயும் உண்டு.

இரண்டாம் மாதம்? ஆள் இருக்கமாட்டார். ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்து, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் போய்க் கேட்டால், மனம் புண்பட்டுப் போவார்.

"நான் என்ன மஞ்சக் கடுதாசியா குடுத்துட்டேன்? அந்தப் பத்திரம் ராசியில்லைங்க. புதுசா எழுதிக்கலாம்."

புதிது எழுதப்படும். புதிய பத்திரம் என்றால் புதிய முதல் தவணை. மறுபடி தாம்பாளம், படம், டீ. கடன் அப்படியே இருக்க, மானம் மட்டும் வட்டியோடு வளரும். ஊரும் இவரை மெச்சும். மெச்சுகிற ஊருக்கு முழங்கால் வலிக்கவில்லை அல்லவா?

சென்ற ஆவணியில் ஆறாவது ஒப்பந்தம். கோலூன்றி வந்த நஞ்சம்மாளிடம் மாதேஸ்வரன் தாம்பாளத்தை நீட்டினார். அவர் கை நீட்டவில்லை.

"முதலு வேண்டாஞ்சாமி. அஞ்சு வாங்கிட்டேன். ரெண்டாவதக் குடு."

மாதேஸ்வரன் உண்மையாகவே குழம்பினார். "முதலு வாங்காம ரெண்டாவது எப்படிங்கக்கா வரும்?"

"அதான் நானும் ஒம்பது வருசமா பாக்கறேன். மஞ்சக் கடுதாசி குடுத்தவனாச்சும் இல்லைனு சொல்லிட்டுப் போறான். வேற பக்கமாச்சும் கை நீட்டலாம். உன் வூட்டு டீயக் குடிச்சே என் காலு போச்சு."

டீயைத் தொடாமலே திரும்பினார். அன்றைய படத்தில் மூன்று பேர்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. கொடுக்க வேண்டியவருக்குக் கடைசியாக நீங்கள் தேதி மாற்றிச் சொன்னபோது, கொடுத்தே விட்டதைப் போல நெஞ்சு நிமிர்ந்ததா இல்லையா? நிமிர்ந்திருந்தால் தாம்பாளம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்திட்டு டீ குடித்தவர்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆறு பத்திரங்களிலும் என் கையெழுத்து இருக்கிறது.

ஆண்டுகள் ஒன்பது. நஞ்சம்மாளுக்கு வந்தது பதினேழாயிரத்து ஐந்நூறு. வரவேண்டியது ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐந்நூறு.