இரண்டு பூட்டுப் போட்ட பீரோ

ஓசூர்
18-6-2007

மதிப்புக்குரிய கொழுந்தனார் சிவராஜ் அவர்களுக்கு அண்ணி சரஸ்வதி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் ருக்மணியும் மாந்தோப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவதாக இருப்பதால் பொய் எழுதப் பயமாக இருக்கிறது. போனில் பேசினால் காவேரிப்பட்டினத்தில் டவர் கிடைப்பதில்லை என்கிறீர்கள். நான் பேச ஆரம்பித்ததும்தான் அது போகிறது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் அண்ணன் தை மாதம் போனார், இப்போது ஆனி பிறந்துவிட்டது. அவருடைய பாங்க் புத்தகம், டெபாசிட் ரசீது, இன்சூரன்ஸ் பத்திரம், பி.எஃப். தாள், உயில் எல்லாம் படுக்கையறை இரும்பு பீரோவுக்குள் இருக்கின்றன. பீரோவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என் தாலிக்கொடியில் தொங்கியது, இப்போது இடுப்பில் இருக்கிறது. இன்னொரு சாவி உங்களிடம் இருக்கிறது. உயிலை நிறைவேற்றி வைக்கவேண்டியவர் நீங்கள் என்று அவர் என்னிடம் வாயால் சொன்னதோடு சரி, எழுதி வைத்ததும் உள்ளேதான் இருக்கிறது. அதனால் நீங்கள்தான் அந்த ஆள் என்பதை நிரூபிக்கவும் நீங்கள்தான் வந்து திறக்க வேண்டும்.

இந்த இரண்டு பூட்டு யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். மூன்று வருஷம் முன்னால் அவர் கம்பெனியில் நாராயணப்பன் என்று ஒருவர் செத்துப்போனார். அவர் வீட்டில் ஒரு வருஷம் அரிசி டப்பா, தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால் என்று காகிதம் தேடியிருக்கிறார்கள், கடைசியில் பாங்க் புத்தகம் பழைய பேப்பர்காரனிடம் போயிருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து உங்கள் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. இருபத்தேழு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்த மனிதர் அல்லவா, விலை உயர்ந்த கட்டிங் டூல் வைக்கிற அலமாரிக்கு அங்கே இரண்டு பூட்டாம், ஒரு சாவி ஸ்டோர்ஸில், இன்னொன்று சரக்கைச் சோதிக்கிற குவாலிட்டி செக்ஷனில், இரண்டு பேரும் நின்றால்தான் கதவு திறக்குமாம். அதே முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தரையில் காகிதத்தைப் பரப்பி, கலர் கலராக லேபிள் ஒட்டி, என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடு, இங்க ஒண்ணு" என்பார். என்ன காகிதம் என்று கேட்டால், "உனக்கு எதுக்கு இப்போ, நேரம் வந்தா தெரியும்" என்பார். நேரம் வந்துவிட்டது, தம்பி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பீரோக் கதவில் ஒரு தாளை டைப் அடித்து ஒட்டியிருக்கிறார், 'இரு சாவிதாரர்களும் நேரில் இருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்' என்று. கீழே கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது. ஒருத்தியோடு முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, அவள் திருடுவாள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன புருஷன் இந்த ஓசூரில் வேறு யாராவது உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

பாங்குக்குப் போனேன். "அவர் பேர் என்னம்மா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நான் வாய்விட்டுச் சொல்லாத பேரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மூன்று முறை கத்த வேண்டியதாயிற்று, பின்னால் நின்ற டோக்கன்காரர்கள் எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார்கள். "அக்கவுண்ட் நம்பர்?" பீரோவில் இருக்கிறது. "பாஸ்புக்?" பீரோவில். இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரிஜினல் பத்திரம் கேட்டார்கள், பீரோவில். கம்பெனி ஆபீசில் நாமினி யார் என்றார்கள், அந்தப் பேரும் பீரோவில்தான். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அந்த பீரோவயே கூட்டிட்டு வந்துருங்கம்மா" என்றான். கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை.

உங்களைக் கூப்பிட்டேன். தை, மாசியில், "மா பூத்திருக்குதுங்கண்ணி, மருந்து அடிக்கிற நேரம்" என்றீர்கள். பங்குனியில் பிஞ்சு உதிர்கிறது என்றீர்கள். சித்திரையில் காவல் போட வேண்டும், வைகாசியில் அறுப்பு, இப்போது மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் காசு தரவில்லை. மரம் பூத்தாலும் உங்களால் வர முடிவதில்லை, காய்த்தாலும் முடிவதில்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்கு இரண்டு மணி நேரம். போன மாதம் நீங்கள் கிருஷ்ணகிரி மண்டிவரை வந்துபோனதை ருக்மணியே வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதீர்கள். கடைசியாக நீங்கள் சொன்னது என்ன? "பீரோவ அப்படியே ஒரு டெம்போவுல ஏத்தி இங்க அனுப்பிடுங்கண்ணி, நீங்களும் கூடவே வந்துடுங்க, ஒத்தையில அங்க என்னா பண்ணப்போறீங்க?"

தம்பி, அதுதான் என் பயம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். கையில் காகிதம் இல்லை என்றால் நான் உங்கள் வீட்டுப் பின்னறையில் மாங்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, ருக்மணி போடுகிற சோற்றுக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும். அவள் நல்லவள்தான், ஆனாலும் எனக்கு அது வேண்டாம். இந்த வீட்டு வாடகை முன்பணத்தில் கழிந்துகொண்டே வந்து இந்த மாதத்தோடு தீர்கிறது. வீட்டுக்காரம்மா சாந்தம்மா தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். "ஏனம்மா சரஸ்வதி, ஆனி முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு. ஆடியில வீடு மாறக் கூடாது, நானும் போகச் சொல்ல மாட்டேன், அப்புறம் எனக்கும் கஷ்டம்" என்கிறாள். அவளுக்கு இருக்கிற இரக்கம்கூட மாதக் கணக்கில்தான் ஓடுகிறது.

உடைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ராயக்கோட்டை ரோட்டில் பூட்டுக்காரர் இருக்கிறார், ஐம்பது ரூபாய் கேட்டார். ஆனால் நான் உடைத்தால் நாளைக்கு, "அண்ணி தனியாத் தொறந்து என்னென்ன எடுத்தாங்களோ" என்று முதலில் சொல்லப்போவது நீங்கள். அந்த நோட்டீஸும் முறைத்துக்கொண்டு இருக்கிறது. இருக்கும்போதும் அவர் சொன்னதைக் கேட்டேன், செத்த பிறகும் கேட்கிறேன். ஆகவே இந்த ஞாயிறு வந்து உங்கள் பூட்டைத் திறந்துவிட்டுப் போங்கள். பஸ் காசு நான் தருகிறேன், எப்படித் தருவேன் என்று கேட்காதீர்கள்.

ருக்மணிக்கு என் அன்பு. தோப்புக்கு நல்ல விலை கிடைத்து, உங்கள் குடும்பம் தழைத்து, உங்களுக்கு ஒரு நாள் ஒழிவும் கிடைக்க அந்தச் சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாவிதாரர்களில் ஒருத்தி,
சரஸ்வதி

பின்குறிப்பு: ஞாயிறு வர வேண்டாம். இதை எழுதி உறையில் போடுவதற்குள், உங்கள் அண்ணனிடம் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த மாரிசாமி, தன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பீரோவைப் பார்த்துவிட்டு, "என்னாங்க அண்ணி, இன்னுமா தொறக்கல?" என்றார். சாவி கதையைச் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்க ஸ்டோர்ல இன்னொரு சாவிக்காரரு லீவு போட்டாருன்னா வேலை நிக்குமாங்க? பின்தகட்டுல நாலு ஸ்க்ரூவக் கழட்டி சாமானை எடுத்துட்டு மறுபடி மாட்டிருவோம். அண்ணன்தான் கத்துக் குடுத்தாரு. ரெண்டு பூட்டு ஆடிட்டருக்குங்க" என்றார். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். அங்கேயும் நாலு ஸ்க்ரூ இருந்தன.

உள்ளே எல்லாம் லேபிள் ஒட்டி வரிசையாக இருந்தன. பாங்க் கணக்கு எல்லாம் அவர், நான் இரண்டு பேர் பேரிலும், எங்களில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. நாமினியும் நான்தான். மேலே ஒரு தாள், என் பேருக்கு. நீங்களும் தெரிந்துகொள்ள அப்படியே எழுதுகிறேன்: 'சரசு, இதை நீ படிக்கும்போது நான் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும், அதற்குமேல் உனக்குப் பொறுமை இருக்காது. தம்பிக்கு ஒரு சாவியும் கொடுக்காவிட்டால் அண்ணன் நம்பவில்லை என்று ஊரெல்லாம் சொல்வான், அதற்காக அவனுக்கு ஒரு பூட்டு. அவன் தனியாகத் திறந்துவிடக் கூடாது, அதற்காக உனக்கு ஒன்று. உனக்குத் தடை ஒன்றும் இல்லை. எப்படியும் நீ வழி கண்டுபிடித்துவிடுவாய்.'

அந்தத் தாளைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன், மாரிசாமி பாவம் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேலே உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியது எல்லாம் தப்பு, ஆனால் அஞ்சு மாதம் அதை நம்பித்தான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், இனி அதை எப்படித் திரும்ப எடுப்பது? உங்களைப் பற்றி எழுதியதை மாற்றவில்லை. ஆடியிலும் இதே வீட்டில்தான் இருப்பேன்.

முப்பத்தோரு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் தப்பாகப் போட்ட கணக்கு இது ஒன்றுதான், தம்பி. அவர் எழுதி ஒட்டியதை நான் அப்படியே கேட்பேன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.