ஆஜர் அண்ணாச்சியும் டிஸ்பாட்ச் மூன்றும்

கம்ப்யூட்டருக்காகக் கவலைப்பட்டு உடம்பு இளைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எங்கள் கம்பெனியில் ஆஜர் அண்ணாச்சி என்போம். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அங்கே நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றிலும் வைரஸ் புகாமல் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் அறைத் திரையில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் துறைவாரியாக வரிசை கட்டி நிற்கும். இன்று சர்வரோடு பேசியதற்குப் பச்சைப் புள்ளி, பேசாததற்குச் சிவப்பு. வேறொருவர் என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அண்ணாச்சி காலை எட்டரைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பார். “ஸ்டோர்ஸ் ஒண்ணு, ஆஜர். ஸ்டோர்ஸ் ரெண்டு, ஆஜர்.” வெளியே நடந்து போகிறவர்கள் தங்களை அறியாமல் ‘உள்ளேன் ஐயா’ என்பார்கள்.

சிவப்பு வந்துவிட்டால் தேடப் புறப்பட்டுவிடுவார். பயிற்சி அறைக் கம்ப்யூட்டர் நான்கு நாளாக வரவில்லை என்று போய்ப் பார்த்தால், ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையோடு அணைந்தே கிடந்தது. மாலையைக் கழற்றி, பொட்டை மட்டும் துடைக்காமல் விட்டு, புதிய வைரஸ்களின் பட்டியலை அதற்கு ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

இன்னொரு முறை ஒரு கம்ப்யூட்டர் பெயின்ட் ஷாப்பில் இருப்பதாகத் திரை காட்டியது. பத்து நிமிடம் கழித்து அதுவே அக்கவுண்ட்ஸில் இருந்தது. ஏதோ கோளாறு என்றார்கள். “எப்படிவே? பெயின்ட் ஷாப்புலேருந்து அக்கவுண்ட்ஸுக்கு நான் சைக்கிள்ல போனாலே பன்னெண்டு நிமிசம்” என்றார் அண்ணாச்சி. விசாரித்தால், யாரோ ஒன்றின் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அடையாளத்தைச் சொல்லி மாறி மாறிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

இப்படிப்பட்டவரிடம் நான் பொய் சொன்னேன்.

நான் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பகுதியில் இன்வாய்ஸ் போடுகிறவன். அண்ணாச்சி தினமும் பன்னிரண்டரைக்குத் தன் அறையில் இருந்தபடியே எல்லாக் கம்ப்யூட்டர்களையும் வைரஸ் இருக்கிறதா என்று அலசச் சொல்லி ஏவிவிடுவார். அந்த நேரத்தில் டிஸ்பாட்ச் மூன்று என்கிற என் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தைக் காட்ட ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும். வெளியே லாரி உறுமும். சரக்கு தாமதமானால் வாங்குகிற கார் கம்பெனியின் உற்பத்தி லைன் நின்றுவிடும். லோடிங் பார்க்கும் வடக்குப்பட்டு ஏகாம்பரம்தான் வழி சொன்னான். “இன்னா சார் யோசிச்சிகினு கீற? பின்னால கீற நெட்வொர்க் ஒயரைப் புடுங்கி வுடு. அவுரு கை எட்டாது.” பிடுங்கினோம். இன்வாய்ஸ் பறந்தது. திரும்பச் செருக மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணாச்சி போனில் கேட்டார். கம்ப்யூட்டர் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றேன். “சொகமாயி வந்ததும் சொல்லும்வே” என்று வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் என் மகளின் பாலிடெக்னிக் புராஜெக்ட் அறிக்கையை ஃப்ளாப்பியில் எடுத்து வந்தேன். படப்பை பிரவுசிங் சென்டரில் அவளே உட்கார்ந்து டைப் செய்தது. மறுநாள் கொடுக்க வேண்டும். வெளி ஃப்ளாப்பியைப் போட்டால் வேலை போகும் என்ற நோட்டீஸ் என் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. பிள்ளை விஷயம் என்றால் நோட்டீஸ் கண்ணில் படுவதில்லை. நல்ல பிரிண்டர் ஆபீஸில் நெட்வொர்க்கில் இருந்ததால், பிடுங்கிய ஒயரையும் நானே செருகினேன்.

இரண்டு நிமிடத்தில் திரை உறைந்தது. அண்ணாச்சியின் அறையிலோ மற்ற நூற்றுப் பதினொன்றும் ஒரே நேரத்தில் கோள் சொல்லின, டிஸ்பாட்ச் மூன்று எங்கள் மேல் வைரஸை எறிகிறது என்று. ஒன்றுகூட உள்ளே விடவில்லை. அப்படி வளர்த்திருந்தார். விழுந்தது, ஒன்பது நாளாகப் புதிய பட்டியல் ஏறாத என்னுடையது மட்டும்தான். வாசலில் லாரி நின்றது.

சைக்கிளில் வந்தார். ஒயரைப் பிடுங்கினார். ஃப்ளாப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். ஏகாம்பரத்தை விட்டு எங்கள் பிரிண்டரைத் தூக்கச் சொல்லி, பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் இன்வாய்ஸ் புரோகிராமை ஏற்றிக் கொடுத்தார். லாரி இருபது நிமிடம் தாமதமாகப் போனது. லைன் நிற்கவில்லை.

மாலையில் மேனேஜர் அண்ணாச்சியையும் என்னையும் அழைத்தார். “ஃப்ளாப்பி யாருது?” என்றார். வீட்டில் என் ஒரு சம்பளம்தான், பெண்ணுக்குக் கடைசி வருடம்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். “அது பொறவு சார். அந்தக் கம்ப்யூட்டர் ஒம்பது நாளா வரல. கேட்டேன், சர்வீஸ்னாங்க, நம்பிட்டேன். நேர்ல போயிப் பாத்திருக்கணும். தப்பு எம்மேல. என் பேரை எழுதுங்க.”

சர்வீஸ் என்று சொன்னது யார் என்பதை அவர் சொல்லவே இல்லை. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பொய் சொன்னது நான்தான், ஃப்ளாப்பியும் என்னுடையதுதான் என்றேன். குற்றவாளி கிடைக்காத விசாரணைகள் அந்த மேனேஜருக்குப் பழக்கம். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு அவர் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் வெளியே போங்க என்றார். மறுநாள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான், வேலை தப்பியது.

ஆனால் அன்று வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். “என் தப்புன்னு மேனேஜருக்கு ரிப்போர்ட்ட அடிச்சு முடிச்சிருந்தேன். இனி உம்ம பேரையும் சேத்து மொதல்லேருந்து அடிக்கணும். சும்மா இருந்தா என்னவே?”

திட்டிக்கொண்டே ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். மகளின் அறிக்கை, முப்பத்தாறு பக்கமும் பிரிண்ட் எடுத்து, கூடவே இரண்டு ஃப்ளாப்பிகள்.

“சுத்தம் பண்ணிட்டேன். பிள்ள எழுதுனத ஒரே காப்பியாவே வைப்பாரு ஒருத்தர்? இன்னொண்ணு போட்டிருக்கேன். மூணாவது ஒண்ணு என் பீரோவுல கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் தொலைச்சிருவிய.”

நாங்கள் தொலைக்கவில்லை. இரண்டும் இன்றுவரை வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அவர் வேலையை விட்டுப் போனபோது ஊர் விலாசத்தைத்தான் கேட்டு வாங்காமல் இருந்துவிட்டேன்.